எலிக்குப் பயந்து திறந்த அரங்கு

என் ஆசை மச்சாள் தவமலருக்கு,

நீ கண்மூடி ஒரு வருசமாகி, உன் ஆட்டைத்திவசமும் போன மாதம் முடிந்தது. உயிரோடு இருக்கும்போது நீ ஒருநாளும் வாயில் வைக்காத பாவற்காய்க் கறியை உன் பேர் சொல்லிப் படைத்தார்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இப்போது எழுதப்போகிற விஷயத்தையும் வாய் மூடிக்கொண்டு வைத்திருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

எங்கள் நெல் ஸ்ரோரை, அதுதான் அந்த நெற்களஞ்சியத்தை, அரங்காக்கித் திறந்துவிட்டார்கள், மச்சாள். நெல் ஸ்ரோர் என்று சொன்னால் இப்போது சிலருக்கு முகம் கறுக்கிறது. ‘அமரர் அம்பலவாணர் ஞாபகார்த்த உள்ளகக் கூடைப்பந்து அரங்கு’ என்று முழுதாகச் சொல்ல வேண்டுமாம். வாசலில் பொன்னெழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஓம், அதே அம்பலவாணர்தான். நெல் வாங்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவராக இருந்து, ஸ்ரோர்ப் பூட்டின் திறப்பை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு உருத்திரபுரம் முழுக்கத் திரிந்த அதே மனிதர்.

திறப்புவிழாவுக்குச் சிறப்பு மலர் ஒன்றும் வெளியிட்டார்கள். வழுவழு என்ற தாள், கலர் படங்கள், பெரியவர்களின் ஆசிச்செய்திகள். அதில் அரங்கின் வரலாறு என்று ஒரு கட்டுரை. “விளையாட்டின்பால் கொண்ட தணியாத தாகத்தினால் அமரர் அவர்கள் தமது களஞ்சியத்தையே இளையோருக்குத் தாரைவார்த்தார்” என்று எழுதியிருக்கிறது. தாகமாம்! அவருக்குத் தாகம் இருந்தது உண்மைதான். அது எதன்மேல் தாகம் என்று அந்தக் காலத்தில் கள்ளுக்கொட்டில் வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெருமூச்சு விட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டுதரம் வாசித்தேன். உன் பேர் ஓரிடத்திலும் இல்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. மலரில் இல்லாததை அவர்களும் அறியட்டும் என்று எழுதுகிறேன், குறை நினையாதே.

நீ என் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது உன் ட்ரங்குப் பெட்டிக்குள், கூறைச்சேலைக்குக் கீழே, ஒரு கூடைப்பந்தும் வந்தது. அம்மா அதை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “இதென்னடி கோதாரி, குழந்தைப்பிள்ளை மாதிரிப் பந்தோடை வந்திருக்கிறாள்!” என்றா. நீ வெட்கப்படவே இல்லை. “பள்ளிக்கூடத்திலை நான்தான் மாமி கப்டன்,” என்றாய். கப்டன் என்றால் சமையலில் பெரிய கெட்டிக்காரி என்று அம்மா நினைத்தா. முதல்நாள் உன் புட்டைத் தின்ற பிறகுதான் அவாவுக்கு விளங்கியது.

மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் கால் வைக்க இடமிராது, எங்கும் சேறு. பந்தைத் தட்டினால் அது திரும்பி வராது, அங்கேயே குந்திவிடும். அப்போதுதான் நீ ஸ்ரோரைக் கண்டாய். நெல்லெல்லாம் லொறியில் ஏறிப்போனால் அடுத்த அறுவடை வரைக்கும் அது சும்மா கிடக்கும். சீமெந்து நிலம், உயர்ந்த கூரை, நாலு பக்கமும் சுவர். கொல்லனிடம் இரும்பு வளையம் ஒன்று அடித்து வாங்கி, பழைய ட்ராக்டர்ப் பெட்டியின் பின்பலகையில் பொருத்தி, சுவரில் ஏற்றினாய். ஏணியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். விழுந்துவிடுவாய் என்று பயத்தில் உன்னை வாய்க்கு வந்தபடி பேசியதும் நான்தான்.

விளையாட வந்தவர்கள் ஆர்? ஊர்ப் பெரிய வீட்டுப் பெட்டைகளை வெளியே விட்டார்களா? தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து வாய்க்காலுக்கு அங்காலே குடியேறிய மலைநாட்டுச் சனத்தின் பிள்ளைகள்தான் வந்தார்கள். பகலில் எங்கள் வயல்களில் புல்லுப் பிடுங்கிவிட்டு, பின்னேரம் கால் கழுவிக்கொண்டு வருவார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் கொஞ்ச நாள் ஓடினேன். அது ஓட்டமா என்று நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அம்பலவாணர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பூட்டைப் போட்டார். “லட்சுமி இருக்கிற இடம். அதிலை தோட்டக்காட்டுப் பெட்டையள் வெறுங்காலோடை துள்ளுறதோ?” இதுதான் தாரைவார்த்த வள்ளலின் திருவாய்மொழி. மலரில் இந்த வரியைக் காணவில்லை. அந்த நெல்லை அரிவு வெட்டியதும், கட்டித் தூக்கியதும், சூட்டுக்களத்தில் மிதித்ததும் அதே வெறுங்கால்கள்தான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். சோறு உள்ளே போகும்போது அந்தக் கால் உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

பிறகு எப்படிக் கதவு திறந்தது? எலியால் திறந்தது! பூட்டின கையோடு ஸ்ரோரை எலி பிடித்தது. அடுத்த போக நெல் வந்து இறங்கியதும் சாக்கெல்லாம் சல்லடை. பூனை விட்டுப் பார்த்தார். பூனை சாக்குக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. நஞ்சு வைத்தார், செத்த எலி நாறி ஆட்கள் உள்ளே போகமாட்டம் என்றார்கள். மேலிடத்திலிருந்து வந்தவர் எல்லோருக்கும் முன்னால் அவரைக் கிழித்தார். அப்போதுதான் காவற்காரன் சொல்லியிருக்கிறான், பெட்டையள் பந்தடித்த காலத்தில் எலிச்சத்தமே இருக்கவில்லை என்று.

மறுநாள் காலை எங்கள் படலையில் வந்து நின்றார் மனிதர். தோளில் இருந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைக்கிறார், திரும்பவும் போடுகிறார், திரும்பவும் எடுக்கிறார். “பிள்ளை, நெல்லு லொறியிலை ஏத்தினாப் பிறகு அந்தப் பந்தை ஒருக்கால் கொண்டுவந்து அடிச்சுப் பார்க்கலாமே?” நீ குசினிக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. அங்கிருந்தபடியே, “அவையளும் வருவினம் ஐயா. வெறுங்காலோடைதான் வருவினம்,” என்றாய். “வரட்டும், வரட்டும். எலி போனால் காணும்,” என்றார். நான் அடக்கமாட்டாமல் கிணற்றடிக்குப் போய் நின்று சிரித்தேன். இதுதானப்பா உங்கள் வரலாறு. மலர்க்குழுவினர் வேண்டுமானால் வந்து எழுதிக்கொண்டு போகட்டும்.

அந்த இடத்துக்கென்று ஒரு விளையாட்டு முறையே உண்டாகிவிட்டதை நீ மறந்திருக்கமாட்டாய். வளையத்துக்கு முன்னால், கூரையைத் தாங்கிக்கொண்டு ஒரு குறுக்குமரம் போனது. எல்லோரும் எறிவதுபோலப் பந்தை மேலே உயர்த்தி எறிந்தால் அது மரத்தில் பட்டு எங்கள் மண்டையில் விழும். ஆகவே மரத்துக்குக் கீழால், நேராக, விசையாக எறியப் பழக்கினாய். “மரத்துக்குக் கீழாலை! மரத்துக்குக் கீழாலை!” என்று நீ கத்துகிற சத்தம் சந்தி வரைக்கும் கேட்கும். வவுனியாவுக்குப் போட்டிக்குப் போனபோது மற்றவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்து எறிய, எங்கள் பிள்ளைகள் மட்டும் சுவரில் ஆணி அறைவதுபோல எறிந்தார்கள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் வென்றுவிட்டோம்.

பிறகு சண்டையில் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான். தண்ணீரூற்றுப் பக்கம் ஓடினோம், அங்கிருந்தும் ஓடினோம். தம்பியை அங்கேயே பறிகொடுத்துவிட்டு வந்தோம். வவுனியா முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம். இதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை, மச்சாள்.

திரும்பி வந்து பார்த்தால் ஸ்ரோருக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. வீட்டுக்குத் தகரம் போட முதல் நீ போய் அங்கே பற்றை வெட்டினாய். நான் எவ்வளவு ஏசினேன்! முதல் விளையாடினவர்களின் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கும், “மரத்துக்குக் கீழாலை எறி!” என்றாய். மரமே இல்லை. மேலே வெறும் வானம். உன் பழைய பெட்டை ஒருத்தியின் மகள் புனிதா அப்போது சின்னவள், அண்ணாந்து பார்த்துவிட்டு, “எந்த மரம் மலரம்மா?” என்று கேட்டாள். “அங்கை இருக்குது, உனக்குத் தெரியேல்லை, நீ எறி,” என்றாய். பிறகு நான் உன்னைக் கேட்டேன், இல்லாத மரத்துக்கு ஏன் இந்தப் பிள்ளைகளைக் குனிய வைக்கிறாய் என்று. பந்தைத் துடைத்துக்கொண்டே, “வேறை மாதிரி எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியாது மச்சாள்,” என்றாய். அது பிழைதான். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அம்பலவாணரின் மகன் கனடாவிலிருந்து கூரை போட்டுத் தருகிறாராம், தகப்பனின் பேர் வைக்க வேண்டுமாம் என்று கதை வந்தபோது நான் குதித்தேன். நீ நெஞ்சு வருத்தத்தோடு கட்டிலில் கிடந்தாய். “பேர் ஆரின்ரையாவது இருக்கட்டும் மச்சாள். மழைக்குப் பிள்ளையள் ஒதுங்காமல் விளையாடினால் காணும்,” என்றாய். நீ சொன்னபடியால்தான் நான் இவ்வளவு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். விளையாட விட்டார்களா, கேள்.

திறப்புவிழாவன்று ஒரே எடுப்பு. நாதஸ்வரம், மாலை, குத்துவிளக்கு. விழாக்குழுத் தலைவர் சங்கரப்பிள்ளை பேசத் தொடங்கி, பிரதம விருந்தினர் நித்திரையாகி, எழும்பி, திரும்பவும் நித்திரையான பிறகும் பேசிக்கொண்டிருந்தார். நிலம் பலகையால் போட்டிருக்கிறது, முகம் பார்க்கலாம். கண்ணாடிப் பலகையில் வளையம். கூரை எட்டாத உயரத்தில். பிறகு கண்காட்சிப் போட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அணி, எதிரே எங்கள் பிள்ளைகள், கப்டன் புனிதா.

பலகை நிலத்தில் வெறுங்காலோடு ஏறக்கூடாது என்று பிள்ளைகளுக்கு எங்கோ ஒரு பாடசாலையிலிருந்து சப்பாத்து இரவல் வாங்கியிருந்தார்கள். பாதிப் பேருக்கு அளவில்லை. புனிதா சேற்றுக்குள் ஓடுவதுபோல ஓடினாள். எறிந்ததெல்லாம் மரத்துக்குக் கீழால். கண்ணாடியில் பட்டுப் பட்டுப் பந்து தெறித்து வந்தது. யாழ்ப்பாணத்துப் பயிற்றுநர் சிரித்துக்கொண்டு, “ஆர் இவையளுக்கு இப்பிடி எறியப் பழக்கினது?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். நான் எழும்பிவிட்டேன். “என்ரை மச்சாள்! இதிலை ஒரு மரம் இருந்தது தம்பி!” என்று கத்தினேன். “அம்மா, இருங்கோ, நிகழ்ச்சி நடக்குது,” என்று மைக்கில் சொன்னார்கள். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தோற்றுப்போனோம்.

தோற்றதற்கு நான் அழவில்லை. ஆட்டம் முடிந்து வியர்வை காய முதல் ஒருவர் சாக்கோடு வந்து பிள்ளைகளின் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றி வாங்கினாரே, அதற்குத்தான் அழுதேன். கைக்கு ஒரு ரோல்ஸும் சோடாவும் கொடுத்துப் பின்பக்கத்தால் அனுப்பினார்கள்.

அடுத்த கிழமை பிள்ளைகள் பந்தோடு போனால் வாசலில் அறிவித்தல். ‘பாதணி அணியாதோர் உட்பிரவேசிக்கத் தடை.’ உள்ளே என்ன நடக்கிறது? கல்யாணம்! கதிரைகளை நிலத்தில் கறகற என்று இழுக்கிறார்கள். சாம்பார் வாளி ததும்புகிறது. பொம்பிளைகள் ஆணி மாதிரிக் குதிச்செருப்போடு டொக்கு டொக்கு என்று நடக்கிறார்கள். அதனால் பலகை பழுதாகாதாம். எங்கள் பிள்ளைகளின் உள்ளங்கால் பட்டால்தான் பழுதாகுமாம். இந்த விசர்க்கதையை எந்த மண்டையால் யோசித்தார்கள் என்று நீயே சொல்லு.

அரங்கின் பொறுப்பும் சங்கரப்பிள்ளையின் கையில்தான், அவர் வீட்டுக்கு நேரே போனேன். கதிரை போட்டார், தேத்தண்ணி தரச் சொன்னார். “அக்கா, அது வெளிநாட்டுப் பலகை. வேர்வைக் கால் பட்டால் ஊதிப்போம்.”

“அப்ப சப்பாத்து வாங்கிக் குடுங்கோவன். பலகை வாங்கின ஆளுக்குச் சப்பாத்து வாங்கேலாதோ?”

“ஒருக்கால் குடுத்தால் பிறகு ஒவ்வொரு வருசமும் கேப்பினம்.”

“கால் வளரும் தம்பி. பிள்ளையளின்ரை கால் வளரும். உங்கடை மூளை மாதிரி நிண்ட இடத்திலை நிக்காது.”

அவருக்குக் கோபம் வரவில்லை. வராது. கோபம் வர ரோசம் வேண்டும். தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “அக்கா, நாங்கள் மலரக்காவை மறக்கேல்லை. அவாவின்ரை படம் ஒண்டைப் பெரிசாக்கிப் பிரேம் போட்டுத் தாங்கோ. அம்பலவாணர் ஐயாவின்ரை படத்துக்குப் பக்கத்திலை மாட்டுவம். ‘முதற் பயிற்றுநர்’ எண்டு எழுதுவம். நீங்கள் உந்த வெறுங்கால் கதையை மட்டும் விட்டிடுங்கோ.”

உன்னிடம் எதற்கு ஒளிக்க? எனக்கு ஆசை வந்தது. உன் பேர் அந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்று எவ்வளவு நாள் ஏங்கினேன்! அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் படங்களெல்லாம் ஓட்டத்தில் போய்விட்டன, அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் மிச்சம். அதைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினேன். ஸ்ரூடியோக்காரன், “அம்மா, கழுத்து வெறுமையாக் கிடக்கு, ஒரு சங்கிலி போட்டுத் தரட்டோ?” என்று கேட்டான். உனக்குச் சங்கிலியா? விசில் தொங்கின கழுத்து அது. வேண்டாம் என்றேன்.

புனிதாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் உன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “மாட்டுங்க பெரியம்மா. மலரம்மா உள்ள இருக்கட்டும். நாங்க வெளிய மண்ணுல வெளையாடிக்கிறோம்,” என்றாள். மழை வந்தால் என்னடி செய்வீர்கள் என்று கேட்டேன். “நனைவோம்,” என்றாள். அவளுக்குத் தாயைப்போலவே அதிகம் பேச வராது.

சரி என்று ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். சங்கரப்பிள்ளை உள்ளே சுத்தியலோடு நிற்கிறார். அம்பலவாணர் பெரிய பொன்சட்டத்துக்குள் மாலையோடு இருக்கிறார், பக்கத்தில் ஆணி தயார். செத்தவர்களின் படத்தைக் கொண்டு போகிறவள் செருப்போடா போவாள்? படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தேன். வாசற் காவற்காரர் ஓடி வந்து குறுக்கே நின்றார். “அம்மா, வெறுங்காலோடை வரேலாது. செருப்பைப் போட்டுக்கொண்டு வாங்கோ.”

“இது என்ரை மச்சாளின்ரை படம் மோனை.”

“ஓம் அம்மா. செருப்பைப் போட்டுக்கொண்டு வாங்கோ.”

உள்ளேயிருந்து சங்கரப்பிள்ளையும், “போட்டுக்கொண்டு வாங்கோ அக்கா, இரண்டு நிமிச வேலைதானே!” என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மச்சாள். அம்பலவாணருக்காவது லட்சுமி என்று ஒரு சாட்டு இருந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் சாமிப்படத்தைப்போல உன்னைக் கொண்டுவருகிறவளைச் செருப்புப் போடச் சொல்லியிருக்கமாட்டார். இவர்கள் அவரிடமிருந்து பூட்டை மட்டும் முதுசமாக எடுத்துக்கொண்டார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உன்னை இடுப்பில் அணைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். வெளியே மண்ணில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். புனிதா பந்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

உனக்குக் கிடைக்கவிருந்த ஒரே மரியாதையை நான் கெடுத்துவிட்டேனோ? வீட்டுக்கு வந்து அதை நினைத்து அழுதேன். நீ அந்தச் சுவரில் இருந்துகொண்டு, எதிரே கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டு, அந்த மனிதருக்குப் பக்கத்தில் காலம் முழுக்கத் தொங்குவாய் என்று நினைத்தபோது அழுகை நின்றது.

இனிக் கேள். அடுத்த மாதம் சங்கத்தின் பொதுக்கூட்டம் அந்த மண்டபத்தில்தான். நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். வாய்க்காலுக்கு அங்காலேயும் சொன்னேன், இங்காலேயும் சொன்னேன். கண்டாவளையில் கட்டிக்கொடுத்த உன் பழைய பெட்டைகள் இரண்டு பேரும் வருகிறார்கள். எல்லாப் பொம்பிளைகளும் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போவோம். ஒரு காவற்காரர் எத்தனை பேரை மறிப்பார்? மறித்தால் படியிலேயே இருப்போம். அடுத்த கூட்டத்துக்கும் வருவோம்.

அந்த ஆணி அப்படியே வெறுமையாகக் கிடக்கட்டும். அதில் வேறு ஆரையும் தொங்கவிட நான் விடமாட்டேன், உன்னையும் இப்போதைக்கு விடமாட்டேன். முதலில் புனிதா உள்ளே போவாள். அவளுக்குப் பின்னால் உன்னை நான் தூக்கிக்கொண்டு வருவேன். இது சத்தியம்.

இன்னும் உன்னை ஏசிக்கொண்டே இருக்கிற,
உன் மச்சாள் ஈசு
உருத்திரபுரம்